ஒரு மாதம் என்பது எத்தனை நாள்?

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு ஊர்ப்பயணம் ரயிலடியில் தொடங்குவதன்று. டிக்கெட் முன்பதிவில் தொடங்குவது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பயணநாள் இக்கணக்கில் சேராது. இந்த 60 நாளை நம் இல்லங்களில் ‘இரண்டு மாதம்’ என்று சொல்லிக்கொள்கிறோம். சொல்வதற்கு எளிதாயிருக்கிறது; ஆனால் கணக்கு ஒத்துவருவதில்லை.

பொங்கலுக்காக ஜனவரி 12-ஆம் நாள் புறப்பட எண்ணும் ஒருவர், இரண்டு மாதம் பின்னோக்கி எண்ணி, நவம்பர் 12-ஆம் நாள் காலை எட்டு மணிக்குக் கணிப்பொறியின் முன் அமர்கிறார். அன்று அவருக்குப் பதிவு திறப்பதில்லை. அறுபது நாள் முந்திய தேதி நவம்பர் 13. ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டார். நட்டமில்லை, மறுநாளும் வரலாம். அதே நண்பர் சித்திரைப் பிறப்புக்காக ஏப்ரல் 12-ஆம் நாள் புறப்பட எண்ணி, அதே முறையில் பிப்ரவரி 12 என்று குறித்துவைக்கிறார். சாதாரண ஆண்டில் அறுபது நாள் முந்திய தேதி பிப்ரவரி 11. இம்முறை ஒரு நாள் பிந்திவிட்டார். இடங்களெல்லாம் நிரம்பிக் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கக் காண்கிறார். பிப்ரவரிக்கு 29 நாள் உள்ள ஆண்டாயின் அவர் கணக்கு தப்பாமல் பலித்திருக்கும். (இடையிலுள்ள நிலையத்தில் மறுநாள் ஏறுவோர்க்கு இன்னொரு செய்தி: அறுபது நாள் என்பது வண்டி தன் தொடக்க நிலையத்தை விட்டுப் புறப்படும் நாளிலிருந்து எண்ணப்படுவது.)

நாள் என்பதும் மாதம் என்பதும் ஒரே அளவுகோலின் சிறிய, பெரிய பிரிவுகள் அல்ல. இவ்வேறுபாட்டை மனிதர் மறந்தாலும், தேதிகளைக் கூட்டிக் கழிக்கும்படி கணிப்பொறிக்கு ஆணையெழுதுவோர் மறத்தல் இயலாது. நாம் அரசாங்கத்தில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவர். படித்தது வரலாறும் இலக்கியமுமே. ஆயினும், விதிகளையும் அறிவிப்புகளையும் தமிழாக்குங்கால் ‘ஒரு மாதத்திற்குள்’, ‘முப்பது நாளுக்குள்’ என்னும் தொடர்கள் நாள்தோறும் எதிர்ப்படுகின்றன. இந்நாளில் அத்தொடர்களுக்குப் பொருள்கொண்டு கடைசித் தேதியை அறிவிப்பது பெரும்பாலும் கணிப்பொறியே. அஃது எங்ஙனம் பொருள்கொள்ளுகிறது என்று அறிய முற்பட்டோம். அறிந்தவற்றுள் சிலவற்றை இங்குச் சொல்லுவோம்.

கணிப்பொறிக்கு ஆணையெழுதப் பல நிரல்மொழிகள் உள்ளன. ஒவ்வொன்றுடனும், அடிக்கடி வேண்டப்படும் வேலைகளுக்கான ஆயத்த உறுப்புகள் ஒரு தொகுதியாக உடன் வருகின்றன. அத்தொகுதியை ‘ஸ்டாண்டர்ட் லைப்ரரி’ என்பர். புதுக்குடித்தனம் வைப்போர்க்கு அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மணை எல்லாம் வீட்டோடு கிடைத்தாற்போல என்று கொள்ளலாம். கீடோ வான் ராசம் என்னும் டச்சு அறிஞர் 1991-இல் வெளியிட்ட பைத்தான் மொழி இன்று உலகெங்கும், நம் பிள்ளைகளின் கல்லூரிகளிலும் வழங்குகிறது. அதன் நூலகத்தில் தேதிக்கணக்குக்கென ‘டேட்டைம்’ என்னும் பகுதி 2003-இல் சேர்க்கப்பட்டது.

டேட்டைம் நாட்களை எண்ணும் முறை மிகத் தெளிவானது. கிரிகோரியப் பஞ்சாங்கத்தை முதலாம் ஆண்டு வரையில் பின்னோக்கி நீட்டி, அவ்வாண்டு ஜனவரி முதல் தேதியை நாள் 1 என்று கொள்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிசை எண். இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15-இன் எண் 7,10,988. குடியரசான 1950 ஜனவரி 26-இன் எண் 7,11,883. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 895. விடுதலைக்கும் குடியரசுக்கும் இடைப்பட்ட நாட்கள் அத்தனையே. கிழமை அறிய வேண்டின் வரிசை எண்ணை ஏழால் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும்: மீதி 1 ஆனால் திங்கள், 2 ஆனால் செவ்வாய் என்று செல்லும். முதல் எண்ணுக்கு மீதி 5, வெள்ளிக்கிழமை. இரண்டாவதற்கு மீதி 4, வியாழக்கிழமை. இதில் வழக்குக்கு இடமே இல்லை. நூறு நாள் கூட்டி நூறு நாள் கழித்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவோம்.

இங்கும் ஒரு சிறு பள்ளம் உண்டு; அது கணிப்பொறியின் பிழையன்று, நம் பேச்சுவழக்கிலிருந்து வருவது. 14-ஆம் தேதியிலிருந்து 10-ஆம் தேதியைக் கழித்தால் 4 என்று நூலகம் விடை சொல்லும். 10 முதல் 14 முடிய விடுப்பு எடுத்த ஊழியருக்கோ ஐந்து நாள் விடுப்புக் கழியும். முன்னது இடைவெளி; பின்னது எண்ணிக்கை. தமிழில் ‘இன்றைக்கு எட்டாம் நாள்’ என்றால் அடுத்த வாரம் இதே கிழமை. இன்றைய நாளையும் சேர்த்தெண்ணும் பழக்கம் அது. இறந்த நாளையே முதல் நாளாகக் கொள்ளும் வழக்குள்ள குடும்பங்களில், பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊர் செல்ல வேண்டியவர் தேதியோடு பதினாறைக் கூட்டினால் மறுநாள் போய்ச் சேருவார். பதினைந்தைத்தான் கூட்ட வேண்டும். 1897-ஆம் ஆண்டின் பொது வாசகச் சட்டம் இதற்கு ஒரு விதி செய்திருக்கிறது: மத்தியச் சட்டமொன்றில் ஒரு நாளிலிருந்து என்று சொல்லித் தொடக்க நாளை விலக்க வேண்டின், அதற்குரிய ஆங்கிலச் சொல் ஒன்றே போதும் என்று அதன் 9-ஆம் பிரிவு கூறுகிறது. தமிழில் ‘வரை’ என்று எழுதினால் அந்நாள் சேருமா, சேராதா என்று ஐயம் எழும். ‘முடிய’ என்றால் சேரும். இதனால் நம் அலுவல்களில் ‘முடிய’ என்பதையே நாம் விரும்பி ஆளுகிறோம்.

இனி மாதத்துக்கு வருவோம். ஜனவரி 31-ஆம் தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டுக என்று ஆணையிட்டால் என்ன நிகழும்? பிப்ரவரி 31 என்றொரு நாள் இல்லை. இல்லாத நாளை எதிர்ப்பட்ட நூலகங்கள் மூவகையாக நடந்துகொள்கின்றன.

ஒரு வகையின மிச்சத்தை அடுத்த மாதத்தில் கொட்டிவிடுகின்றன. பிப்ரவரிக்கு 28 நாள். 31-க்கு இன்னும் மூன்று குறைகிறது. ஆகவே மார்ச் 3 என்கின்றன. பி.எச்.பி., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றின் வழக்கம் இது. கூகிள் நிறுவனத்தில் பிறந்த கோ மொழியும் இவ்வழியே செல்லுகிறது; அக்டோபர் 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் டிசம்பர் 1 வரும் என்று அதன் கையேடே எடுத்துக்காட்டுத் தருகிறது. ஒவ்வொரு மாதமும் கட்டவேண்டிய தவணையை இம்முறையில் 31-ஆம் தேதியிலிருந்து கணக்கிட்டால், பிப்ரவரியில் தவணையே இராது. மார்ச்சில் 3-ஆம் தேதி ஒன்றும் 31-ஆம் தேதி ஒன்றுமாக இரண்டு வந்து நிற்கும். கடன்பட்டவர் நெஞ்சம் கலங்குமோ, மகிழுமோ, அது வட்டியைப் பொறுத்தது. (ஜாவாஸ்கிரிப்டில் ஜனவரிக்கு எண் சுழியம், டிசம்பருக்குப் பதினொன்று. பழைய சி மொழியின் வழக்கம் அப்படியே தொடர்ந்து வந்ததன் விளைவு இது. இதில் இடறாத மாணவர் அரியர்.)

இரண்டாவது வகை, மாதத்தின் கடைசி நாளில் நிறுத்திக்கொள்ளுவது. ஜாவா மொழியில் 2014-இல் வந்த புதிய தேதி நூலகம் ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28 என்கிறது. மிகுநாள் ஆண்டாயின் 29. மக்கள் மனத்துக்கு இதுவே இயல்பாகத் தோன்றும். ஆயினும் இதில் கணக்கின் இலக்கணம் குலைந்துவிடுகிறது. பிப்ரவரி 28-உடன் மேலும் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28. ஆனால் ஜனவரி 31-உடன் நேரே இரண்டு மாதம் கூட்டினால் மார்ச் 31. ஒன்றும் ஒன்றும் கூட்டியது இரண்டுக்குச் சமமாகவில்லை. பிப்ரவரி 28-இலிருந்து ஒரு மாதத்தைக் கழித்தால் ஜனவரி 28 கிடைக்கும், 31 கிடையாது. ஜனவரி 28, 29, 30, 31 ஆகிய நான்கு நாட்களும் பிப்ரவரி 28 என்னும் ஒரே வாயிலில் நுழைந்துவிட்டன. திரும்பும்போது யார் எங்கிருந்து வந்தார் என்று வாயிலுக்கு எப்படித் தெரியும்? தவணைத் தேதிகளைக் கணக்கிடுவோர் முந்திய தவணையோடு ஒவ்வொரு மாதமாகக் கூட்டிச் செல்லாமல், முதல் தேதியோடு இரண்டு மாதம், மூன்று மாதம் என்று நேரே கூட்டவேண்டும் என்பது இதனால் ஏற்பட்ட நடைமுறை. அங்ஙனம் செய்யாவிடில், 31-ஆம் தேதித் தவணை ஒரு பிப்ரவரியைக் கடந்ததும் 28-ஆம் தேதித் தவணையாக மாறி, அப்படியே நிலைத்துவிடும்.

மூன்றாவது வகை பைத்தானுடையது: விடை சொல்ல மறுப்பது. கால இடைவெளியைக் குறிக்க அதன் நூலகத்தில் ‘டைம்டெல்ட்டா’ என்று ஒன்று உண்டு. அதில் நாள் உண்டு, நொடி உண்டு, நொடியின் பத்துலட்சத்தில் ஒரு பங்கும் உண்டு. மாதமும் ஆண்டும் இல்லை. ஜனவரி 31 என்னும் தேதியில் மாதத்தை மட்டும் பிப்ரவரியாக மாற்றுக என்றால், அம்மாதத்துக்கு இந்நாள் பொருந்தாது என்று கூறி வேலையை நிறுத்திவிடுகிறது. வேண்டுவோர் தம் விதியைத் தாமே எழுதிக்கொள்ளலாம். அல்லது பிறர் எழுதிய உறுப்பைத் தேடிச் சேர்த்துக்கொள்ளலாம். இத்தனை வசதி படைத்த மொழியில் இச்சிறு வேலைக்கு வழியில்லையே என்று குறைகூறும் இளைஞர் பலர்.

நமக்கு அது குறையாகப் படவில்லை. இருபொருள்படும் ஒரு தொடரை மொழிபெயர்க்க நேரும்போது, ஊகத்தால் ஒரு பொருளைத் தேர்ந்து எழுதிவிடுதல் எளிது. படிப்பவர் எவரும் ஐயுறமாட்டார். ஆனால் அங்ஙனம் செய்தல் ஆகாது. கோப்பில் ஐயத்தைக் குறித்து, எழுதியவரிடமே திருப்பி அனுப்பி, எது கருத்து என்று கேட்டலே முறை. பைத்தான் செய்வதும் அதுவே. மற்ற இரு வகையினவும் கேளாமலே ஒரு பொருளைக் கொண்டு, ஒரு சொல்லும் முணுமுணுக்காமல் விடை தந்துவிடுகின்றன. ஒரே ஆணைக்கு ஒரு மொழியில் பிப்ரவரி 28, மற்றொன்றில் மார்ச் 3 என்றால், நிரலை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி எழுதுவோர் நம்மினும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

ஆண்டைக் கூட்டுவதிலும் இதே இடர் உண்டு. 2012 பிப்ரவரி 29-ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அஷூர் என்னும் கணிப்பொறிச் சேவை பலமணி நேரம் தடைப்பட்டது. காரணத்தை அந்நிறுவனமே பின்னர் விளக்கி வெளியிட்டது. ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ்களை அதன் நிரல் உருவாக்கி வந்தது. முடிவுத் தேதிக்காக அன்றைய தேதியில் ஆண்டு எண்ணோடு மட்டும் ஒன்றைக் கூட்டியது. 2013 பிப்ரவரி 29 என்று வந்தது. அப்படியொரு நாள் இல்லாமையால் சான்றிதழ் உருவாகவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பொறிகள் செயலிழந்தன. நான்காண்டுக்கு ஒருமுறை வரும் நாளைச் சிறுவர் அனைவரும் அறிவர்; அறிந்த செய்தி எழுதும் வேளையில் கைக்கு வராமற்போவதுதான் இதிலுள்ள தொல்லை.

மாதத்தின் பொருளை நீதிமன்றங்கள் எங்ஙனம் கண்டன? பொது வாசகச் சட்டத்தின்படி மாதம் என்பது ஆங்கிலப் பஞ்சாங்கப்படி எண்ணப்படும் மாதம்; முப்பது நாள் அன்று. 1981-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கு நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. குத்தகைக்காரர் ஒருவருக்கு 1978 செப்டம்பர் 30-ஆம் நாள் உரிமையாளர் அறிவிப்புக் கொடுத்தார். நான்கு மாதத்துக்குள் குத்தகைக்காரர் விண்ணப்பிக்க வேண்டும். அவர் 1979 ஜனவரி 31-ஆம் நாள் விண்ணப்பித்தார். செப்டம்பரின் கடைசி நாளில் தொடங்கிய காலம் ஜனவரியின் கடைசி நாளில்தானே முடியவேண்டும் என்பது அவர் தரப்பு வாதம். சபை அதனை ஏற்கவில்லை. தொடங்கிய தேதி 30. முடியும் மாதத்திலும் 30-ஆம் தேதியே முடிவு. அப்படியொரு தேதி அம்மாதத்தில் இல்லாதபோதுதான் கடைசி நாள் என்று முடிவாயிற்று. ஒரே நாள் பிந்தியதால் அவர் விண்ணப்பம் செல்லாதாயிற்று. ஜாவா நூலகம் பின்பற்றுவதும் இவ்விதியையே. செப்டம்பர் 30-உடன் நான்கு மாதம் கூட்டுமாறு அதனைக் கேட்டால் ஜனவரி 30 என்றே விடையிறுக்கும்.

நம் உச்சநீதிமன்றமும் 2010-இல், இமாசலப் பிரதேச அரசு ஒரு தரப்பாயிருந்த நடுவர் தீர்ப்பு வழக்கில், சட்டத்திலுள்ள மூன்று மாதம் என்பதைத் தொண்ணூறு நாள் என்று கொள்ளலாகாது என்று தீர்த்தது. 2007 நவம்பர் 12-இலிருந்து மூன்று மாதம் 2008 பிப்ரவரி 12-இல் முடியும். தொண்ணூறு நாள் பிப்ரவரி 10-இலேயே முடிந்துவிடும். அதே சட்டத்தில் கூடுதலாக அளிக்கும் அவகாசம் முப்பது நாள் என்று நாளாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மாதம் என்ற இடத்தில் மாதமும் நாள் என்ற இடத்தில் நாளும் எண்ணப்படவேண்டும். இவ்விதியை நிரலாக எழுதுவோர் தொண்ணூறைக் கூட்டிவிட்டால், உரிமையுள்ளவர் ஒருவரை இரண்டு நாள் முன்னதாகவே கதவடைத்து அனுப்பியவராவர்.

கைப்பேசிக் கட்டணத்தில் இது நம்மனைவர் பணப்பையையும் தொடுகிறது. ஊரிலுள்ள பெற்றோருடன் பேசுவதற்கே கைப்பேசி வைத்திருப்போர் நம்மிடையே பலர். ‘மாதக் கட்டணம்’ என்று எண்ணிக் கட்டிவந்தது 28 நாளுக்கே செல்லுபடியாவது. பதிமூன்று முறை 28 சேர்ந்தால் 364. ஆகவே ஆண்டுக்குப் பன்னிரண்டன்று, பதிமூன்று கட்டணம். முறையீடுகள் மிகுந்த பின்னர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது. முப்பது நாள் செல்லும் திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும். அத்தேதி ஒரு மாதத்தில் இல்லையாயின் அம்மாதத்தின் கடைசி நாளில் புதுப்பிக்க வேண்டும் என்பது ஆணை. 28 நாள், 30 நாள், ஒரு மாதம் என்ற மூன்றும் வெவ்வேறு சரக்குகள் என்பதை இவ்வாணை ஒப்புக்கொண்டதோடு, இல்லாத தேதிக்கு விதியும் கூறிவிட்டது. நிரலெழுதுவோர்க்கு இதைவிடத் தெளிவான வாசகம் வேண்டுவதில்லை.

இதுகாறும் சொன்னவையெல்லாம் கிரிகோரியப் பஞ்சாங்கம் ஒன்றையே சார்ந்தவை. பைத்தானின் நூலகத்துக்கு அது தவிர வேறு பஞ்சாங்கம் தெரியாது. வரலாற்று ஏடுகளில் வேலைசெய்வோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். 1746-இல் பிரெஞ்சுப் படையிடம் சென்னைக் கோட்டை பணிந்த நாள் ஆங்கிலேயர் ஏடுகளில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் ஏடுகளில் செப்டம்பர் 21. பிரெஞ்சு நாடு 1582-இலேயே புதிய பஞ்சாங்கத்துக்கு மாறிவிட்டது. ஆங்கிலேயர் 1752-இல்தான் மாறினர். அதுவரையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே பதினொரு நாள் வேற்றுமை. ஆங்கிலேயர் தேதியை அப்படியே கொடுத்துக் கிழமை கேட்டால் நூலகம் தயங்காமல் தவறான கிழமையைச் சொல்லும். ரூபி என்னும் மொழியின் நூலகம் இதில் சற்று மேம்பட்டது. பஞ்சாங்கம் மாறிய நாள் எதுவென்று அதனிடம் தனியே சொல்லிவைக்கலாம்.

தமிழ் மாதங்களைக் கேட்போர்க்கு இந்நூலகங்கள் கைகொடுப்பதில்லை. நம் மாதம் சூரியன் ஒரு ராசியிலிருந்து மற்றொன்றுக்குப் புகுவதைச் சார்ந்தது. மார்கழி 29 நாளில் முடிவதுண்டு, ஆனி 32 நாள் நீள்வதுண்டு. மேலும், சூரியன் ராசி புகும் நேரம் அஸ்தமனத்துக்கு முன்னாயின் அன்றே மாதப்பிறப்பு, பின்னாயின் மறுநாள் என்பது தமிழ்நாட்டு வழக்கு. கேரளத்தில் அவ்வெல்லை அஸ்தமனம் வரையில் நீள்வதில்லை, பிற்பகலிலேயே முடிந்துவிடுகிறது. வங்காளத்தில் நள்ளிரவை எல்லையாகக் கொள்வர். மேகநாத சாகாவின் தலைமையில் 1952-இல் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இவ்வழக்குகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தது. அதன் பயனாக 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்த தேசியச் சக ஆண்டில் மாத நாட்கள் முன்னதாகவே வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஆதலின் அது கணிப்பொறிக்கு மிக எளியது. ஜாவாவின் நூலகம் ஜப்பானியர், தாய்லாந்தினர், இஸ்லாமியர் ஆகியோரின் பஞ்சாங்கங்களுக்கு இடங்கொடுத்தும், சக ஆண்டுக்கு ஏனோ இடங்கொடுக்கவில்லை. திருவனந்தபுரத்திலோ பாலக்காட்டிலோ வாழும் நம்மவர் வீட்டில் சித்திரை பிறந்த நாளன்று அண்டைவீட்டில் இன்னும் மீன மாதமாயிருக்கக் கண்டால், இருவர் கணக்கும் சரியே. அவ்விரு கணக்கையும் கணிப்பொறிக்குக் கற்பிக்க விரும்பும் இளைஞர், ஒவ்வோர் ஊரின் அஸ்தமன நேரத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்கவேண்டியிருக்கும்.